கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு: மண்டபத்து லைவ் வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் இருந்துகொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கூத்து என்று லைவ் கொடுக்கிறேன். வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆரணிப் பக்கத்துப் பையன்கள் போன் போட்டுக் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே பத்துப் பதினைந்து விஷயம்தான். முகூர்த்த நாளில் விடிகாலை நாலரைக்குக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. நானும் எங்காவது ஒரு மேடைக்கு அடியில் வயரோடு படுத்திருப்பேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

லேப்டாப்பிலேயே எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே, கேமரா வயரை அதில் சொருகினால் வராதா?

வராது. லேப்டாப்பில் இருப்பது படத்தை டிவிக்கும் புரொஜெக்டருக்கும் வெளியே அனுப்புகிற வாசல். கேமராவில் இருப்பதும் வெளியே அனுப்புகிற வாசல்தான். இரண்டு குழாயின் வாயையும் நேருக்கு நேர் வைத்துவிட்டுக் குடத்தைத் தேடுகிற கதை. சத்துவாச்சாரியில் ஒரு ரிசப்ஷனில் ஒரு பையன் இப்படிச் சொருகிவிட்டு, முக்கால் மணி நேரம் டிரைவரை அழித்து அழித்துத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தான். “இன்னாண்ணே, வயர் புதுசு, கேமரா புதுசு, படம் மட்டும் வரல” என்றான். வயர் மேல் தப்பே இல்லை.

நடுவில் கேப்சர் கார்டு என்று ஒன்று வேண்டும். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ உள்ளே, மறுபக்கம் யுஎஸ்பி வெளியே. கம்ப்யூட்டர் அதை ஒரு வெப்கேமராவாகப் பார்க்கும். பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர்கூடத் தேவையில்லை. லைவ் விடும் இலவச மென்பொருளான ஓபிஎஸ்ஸில் வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைச் சேர்த்து, பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் வரும் முக்கால்வாசிக் கேள்வி கேமராவைப் பற்றியதும் இல்லை, கம்ப்யூட்டரைப் பற்றியதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றியது.

கேமராவின் யுஎஸ்பி வயரை நேராகப் போட்டால்?

சில கேமராவில் வரும். 2020 ஊரடங்கில் எல்லாரும் வீட்டிலிருந்து மீட்டிங் பேசியபோது கேனான், சோனி எல்லாம் கேமராவை வெப்கேமராவாக மாற்றும் மென்பொருளை வெளியிட்டன. புதிய மாடல்கள் சிலவற்றில் அது மெனுவிலேயே இருக்கிறது. ஆன்லைன் வகுப்பு எடுக்கப் போதும். கல்யாணத்துக்கு நான் நம்புவதில்லை: படத்தின் அளவு குறைவு, தாமதம் அதிகம்.

600 ரூபாய்க்கு வரும் குச்சி மாதிரிக் கேப்சர் கார்டுக்கும் விலை உயர்ந்த கார்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் 4கே என்றுதானே போட்டிருக்கிறது?

குச்சியின் பெட்டியில் போட்டிருக்கும் 4கே உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. கம்ப்யூட்டருக்கு அது கொடுப்பது 1080தான், அதுவும் பெரும்பாலும் நொடிக்கு 30 படம்.

கணக்கு போட்டால் தெரிந்துவிடும். ஒரு படத்தில் 1920 × 1080 புள்ளி. புள்ளிக்கு 2 பைட். நொடிக்கு 50 படம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 207 மெகாபைட், அதாவது 1.66 ஜிகாபிட். யுஎஸ்பி 2.0 வழியில் நொடிக்கு 480 மெகாபிட்தான் போகும். பாதியாக்கி 25 படம் என்று வைத்தாலும் அடங்காது. அதனால் அந்தக் குச்சி ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக நசுக்கித்தான் அனுப்புகிறது. அசையாத வைட் ஷாட்டுக்குத் தெரியாது. சீரியல் லைட் மின்னும்போதும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் பட்டாசு வெடிக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும். பட்டுப்புடவையின் அரக்கு நிறம் செங்கல் நிறமாகும்.

யுஎஸ்பி 3.0 கார்டுக்கு 5 ஜிகாபிட் வழி இருக்கிறது, நசுக்காமல் அனுப்பலாம். ஆனால் பிளக்குக்குள் நீலப் பிளாஸ்டிக் தெரிந்தாலே 3.0 என்று நினைக்காதீர்கள். நீலம் பூசிய 2.0 குச்சிகளும் கடையில் தொங்குகின்றன. சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம்தான். கடையிலேயே சொருகி, ஓபிஎஸ்ஸில் அந்தக் கார்டின் பண்புகளைத் திறந்து, 1080க்கு நசுக்கிய எம்ஜேபெக் மட்டும் வருகிறதா, நசுக்காத ஒய்யுஒய்2வோ என்வி12வோ 50 படத்தோடு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இவ்வளவு சொன்னாலும் என் பையில் அந்த 600 ரூபாய்க் குச்சி இரண்டு எப்போதும் கிடக்கும். நல்ல கார்டு செத்த அன்றைக்கு அதுதான் கல்யாணத்தை முடித்துக் கொடுத்தது.

மூன்று கேமரா. மூன்று கார்டு வாங்குவதா, ஸ்விட்சர் வாங்குவதா?

வேலை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. கல்யாணத்துக்கு ஸ்விட்சர் என்பேன். 2019இல் பிளாக்மேஜிக் கம்பெனியின் ஏடெம் மினி என்ற சின்ன ஸ்விட்சர் வந்த பிறகு இந்தத் தொழிலே மாறிவிட்டது: நாலு எச்டிஎம்ஐ உள்ளே போகும், பட்டனைத் தட்டினால் மாறும், யுஎஸ்பியில் ஒரே படமாகக் கம்ப்யூட்டருக்கு வரும். ஒரு கேமரா 25இல், ஒரு கேமரா 50இல் ஓடினாலும் அதுவே ஒத்துப்போக வைத்துவிடும். லேப்டாப் தொங்கிப்போனாலும் மேடைப் பக்கத்து எல்இடி வாலில் (பெரிய திரையில்) படம் நின்றுபோகாது. எனக்கு அது ஒன்றே போதும். பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வாலைத்தான்.

குறை என்னவென்றால், கம்ப்யூட்டருக்கு வருவது நீங்கள் தட்டிய ஒரு படம் மட்டும். ஓபிஎஸ்ஸிலோ விமிக்ஸிலோ மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஒரே திரையில் மூன்று கட்டமாகக் காட்ட வேண்டுமென்றால் மூன்று கார்டு வேண்டும். அப்போது மூன்றையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் குத்தாதீர்கள். மேலே போட்ட கணக்கில் 1.66ஐ மூன்றால் பெருக்கினால் 5 ஜிகாபிட் வாசல் நிரம்பிவிடுகிறது. லேப்டாப்பின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பிரித்துக் குத்திப் பாருங்கள், அதுவும் வீட்டிலேயே. இன்னொன்று: மூன்றும் ஒரே மாடல் கார்டு என்றால் கம்ப்யூட்டருக்கு மூன்றுக்கும் ஒரே பெயர். ஓட்டை மாற்றிக் குத்தினால் கேமரா 1 இருந்த இடத்தில் கேமரா 3 வந்து உட்காரும். நெயில் பாலிஷால் கார்டிலும் ஓட்டை ஓரத்திலும் ஒரே நிறப் பொட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

டெஸ்க்டாப் வைத்து ஒரே அரங்கில் நிலையாக வேலை செய்பவர்களுக்கு டெக்லிங்க் மாதிரி உள்ளே பொருத்தும் கார்டு நல்லது. டெக்லிங்க் டுவோ 2 என்ற ஒரே கார்டில் நாலு எஸ்டிஐ (தூரத்துக்கு இழுக்கும் வீடியோ வயர்) வழி இருக்கிறது. லேப்டாப்பில் அதைப் பொருத்த இடம் கிடையாது.

எல்லாம் சரியாகத்தான் மாட்டினேன், ஆனால் கறுப்பாக இருக்கிறது.

முதலில் கேமராவின் எச்டிஎம்ஐ அளவைப் பாருங்கள். 4கே என்றோ ஆட்டோ என்றோ இருக்கும். ஏடெம் மினியின் உள்வாசல் 1080 வரைதான் எடுக்கும். மெனுவில் 1080க்கு இறக்கினால் அந்த நொடியே படம் வரும். எனக்கு வரும் கறுப்புத் திரை போன்களில் பாதி இதுதான். அடுத்து, கார்டை வேறு ஏதாவது மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜூம் திறந்திருந்தால் ஓபிஎஸ்ஸுக்குக் கிடைக்காமல் போகும். டிடிஎச் பெட்டியிலிருந்து படம் எடுக்கப் பார்த்தால் அது எச்டிசிபி என்ற காப்பி தடுக்கும் பூட்டு, கறுப்பாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் இல்லையென்றால் மைக்ரோ எச்டிஎம்ஐ. அந்தச் சின்ன பிளக் கல்யாண வேலைக்காகச் செய்தது இல்லை. யாராவது வயரைக் காலால் லேசாக இழுத்தாலே உள்ளே ஆடிவிடும். கேமராவோடு வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால், வயரை ஒரு சுற்று டிரைபாட் கைப்பிடியில் சுற்றி டேப் ஒட்டுங்கள். இழுப்பு டிரைபாடோடு நின்றுவிடும்.

லைவில் பேட்டரிக் குறியும் ஐஎஸ்ஓ எண்ணும் தெரிகிறது. தாலி கட்டும்போது முகத்தில் பச்சைக் கட்டம்!

எச்டிஎம்ஐ தகவல் காட்டுவது என்ற அமைப்பை அணையுங்கள். சோனியில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் சிலவற்றில் சுத்தமான வெளியீடே கிடையாது. கேனான் 5டி மார்க் 3க்கே 2013இல் ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகுதான் வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டிவியில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். தானாக அணைந்துபோகும் அமைப்பையும் கையோடு நிறுத்திவிடுங்கள்.

25ஆ, 30ஆ, 50ஆ, 60ஆ?

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். அதனால் 25 அல்லது 50 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. 1/60 வைத்தால் படத்தில் மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் நீந்தும். எல்லா கேமராவும் ஒன்றே ஓட வேண்டும். ஓபிஎஸ்ஸிலும் அதே எண்ணை வையுங்கள். அதில் ஏற்றியபடியே பெரும்பாலும் 30 என்று இருக்கும், மாற்ற வேண்டும்.

கேமரா என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் இருந்தால் 25, 50 என்ற எண்ணே மெனுவில் தெரியாது. பால் (PAL) என்ற நம்மூர் முறைக்கு மாற்றுங்கள். சோனி சிலவற்றில் மாற்றியதும் மெமரி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். முதல் நாள் நலங்கு அந்தக் கார்டில்தான் இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் கேமரா 1080ஐ (1080i) என்ற இடைக்கோட்டு முறையில் ஓடுகிறது. ஓபிஎஸ்ஸில் அந்தக் கேமராவின் சோர்ஸை வலது கிளிக் செய்தால் டீஇன்டர்லேசிங் இருக்கிறது.

மேடையிலிருந்து என் டேபிள் 30 மீட்டர். எச்டிஎம்ஐ வயர் போகுமா?

செம்பு எச்டிஎம்ஐ வயர் 5 மீட்டர் வரை கவலை இல்லை. 10, 15 என்பது வயரின் தரத்தையும் அன்றைய அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. அதற்கு மேல் இரண்டு வழி. ஒன்று ஃபைபர் எச்டிஎம்ஐ: இலேசு, 30 மீட்டர் சாதாரணம். ஆனால் அதற்குத் திசை உண்டு. கேமரா முனை, திரை முனை என்று எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. மடக்கினாலோ பந்தல்காரர் அதன் மேல் ஏணியை வைத்தாலோ முடிந்தது.

இன்னொன்று எஸ்டிஐ. பிஎன்சி பிளக்கைத் திருகிப் பூட்டிவிட்டால் யார் இழுத்தாலும் கழலாது. நல்ல 75 ஓம் வயரில் 100 மீட்டர் வரைகூடப் போகும். 1080இல் 50 படம் என்றால் 3ஜி எஸ்டிஐ, 25 படம் என்றால் அதில் பாதி வேகம்தான், இன்னும் தூரம் தாங்கும். டிஷ் ஆன்டெனாவுக்கு இழுக்கிற ஆர்ஜி-6 வயரும் 75 ஓம்தான். பிஎன்சி அடித்துக்கொண்டால் அவசரத்துக்கு ஓடும், ஓட்டியிருக்கிறேன். கேமராவில் எஸ்டிஐ இல்லையென்றால் அந்தப் பக்கம் ஒரு கன்வெர்ட்டர், இந்தப் பக்கம் ஒரு கன்வெர்ட்டர். இரண்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

வயர்லெஸ்ஸும் இருக்கிறது. ஜிம்பலில் கேமராவைப் பிடித்து நடப்பவருக்கு நல்லது. ஆனால் கூட்டத்தில் மனித உடம்பு சிக்னலை அடைக்கும். தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி எல்லாரும் எழுந்து நிற்கும்போதுதான் படம் விட்டு விட்டு வரும். அந்த ஐந்து நிமிடம் வயர் போட்ட கேமராவில் இருங்கள்.

நெட்வொர்க் வயரில் கேமரா ஓட்டலாம் என்கிறார்களே, என்டிஐ?

ஓட்டலாம். 1080இல் நொடிக்கு 60 படம் என்றால் முழு என்டிஐக்கு ஒரு கேமராவுக்குச் சுமார் 125 மெகாபிட் வேண்டும். ஜிகாபிட் சுவிட்சும் கேட்-6 வயரும் இருந்தால் நாலைந்து கேமரா தாராளம். எச்எக்ஸ் என்ற சுருக்கிய வகை இன்னும் குறைவாக எடுக்கும், தாமதம் கூடும். செல்போனைக்கூட ஆப் போட்டு நாலாவது கேமராவாக்கலாம். சாப்பாட்டுப் பந்தியைக் காட்ட நான் அப்படித்தான் செய்கிறேன். மண்டபத்து வைஃபையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அப்பாவின் கேசட் கேமரா இருக்கிறது, பேனசானிக் எம்டி10000. இதை லைவுக்கு எடுக்கலாமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். நம் வட ஆற்காட்டில் ஒரு காலத்துக் கல்யாணங்களையெல்லாம் தோளில் சுமந்த கேமரா அது. அதிலுள்ள சின்ன டிவி (DV) வாசல் ஃபயர்வயர். நொடிக்கு 25 மெகாபிட். இப்போதைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. ஃபயர்வயரிலிருந்து யுஎஸ்பி என்று 100 ரூபாய்க்கு விற்கும் வயர் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது, படம் வராது. ஏவி வெளியீட்டை எடுத்து ஏவி கேப்சரில் விடுங்கள், வரும். 720 × 576 படம் இன்றைய திரையில் மங்கல்தான். வீட்டு விசேஷத்தில் ஒரு ஓரத்தில் பழைய நினைவுக்காகக் காட்டலாம்.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது.

படம் கேமரா, ஸ்விட்சர், கார்டு என்று மூன்று இடத்தில் நின்று வருகிறது. மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஆடியோ நேராக வந்துவிடுகிறது. அதனால் சத்தம் முந்தும். சத்தத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்: ஓபிஎஸ்ஸின் ஆடியோ மேம்பட்ட பண்புகளில் ஒத்திசைவுக்கான கட்டத்தில் மில்லிநொடி எழுதலாம். எவ்வளவு என்பதைத் தவில்காரரிடம் கேளுங்கள்! அவர் சுதி சேர்க்கும்போது ஒரு நிமிடம் பதிவு செய்து, கை தோலில் படும் படத்தையும் ‘டம்’ வரும் இடத்தையும் எண்ணுங்கள். 25இல் ஓடினால் ஒரு படம் 40 மில்லிநொடி. மூன்று படம் முந்தினால் 120. அவ்வளவுதான்.

சத்தத்தின் அளவு விஷயம் இதைவிடப் பெரியது. ஐயர் மந்திரம் மெதுவாகக் கேட்கிறதே என்று குமிழைத் திருகி ஏற்றி வைப்போம். திடீரென்று “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் வரும். நாயனமும் தவிலும் ஒரே நேரத்தில் எழும்பும். சிவப்புக் கோடு தாண்டி லைவில் வெறும் கரகரப்பு. துபாயிலிருந்து பார்க்கிற தம்பிக்குத் தாலி கட்டியது கிழிந்த ஸ்பீக்கரில்தான் கேட்கும். ஜானவாசத்திலோ பெண் அழைப்பிலோ மேளம் உச்சத்தில் இருக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லில் நிற்கும்படி வைத்துவிடுங்கள். மிக்சரின் லைன் வெளியீட்டைக் கேமராவின் மைக் ஓட்டையில் நேராகக் குத்தினாலும் இதே கரகரப்புதான். கேமராவில் லைன் என்று மாற்றுங்கள், அந்த வசதி இல்லையென்றால் நடுவில் சிக்னலைக் குறைக்கும் பேட் போடுங்கள்.

எச்டிஎம்ஐ போர்ட் அடிக்கடி எரிகிறது. வயர் டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் வயர் இல்லை, எர்த். மேடையில் ஒரு ஃபேஸ், டேபிளில் வேறு ஃபேஸ், எல்இடி வால் தனியாக ஜெனரேட்டரில். எர்த் ஒழுங்காக இல்லாத இடத்தில் இந்த உடம்புக்கும் அந்த உடம்புக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் நிற்கும். நீங்கள் வயரைச் சொருகும் நொடியில் அது எச்டிஎம்ஐயின் உறை வழியாக ஓடும். ஒரு மண்டபத்தில் வால்காரரின் வயரை நான் ஸ்விட்சரில் சொருகினேன். விரல் நுனியில் சுரீர் என்றது, சின்னதாக ஒரு நீலப் பொறி. அவ்வளவுதான் சத்தம். ஸ்விட்சரின் வெளியீடு அன்றோடு சரி. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்த இரண்டாவது நிமிடம் அது.

அதிலிருந்து என் பழக்கம் இது. எல்லா வயரையும் மாட்டிய பிறகுதான் பவரைப் போடுவேன். கேமரா, ஸ்விட்சர், லேப்டாப் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து நானே எக்ஸ்டென்ஷன் இழுப்பேன். வால்காரருக்குக் கொடுக்கும் வயர் மட்டும் செம்புக் கம்பி கலக்காத முழு ஃபைபர், ஏனென்றால் கண்ணாடி இழையில் கரண்ட் போகாது. சொருகும் முன் டெஸ்டரை இரண்டு உலோக உடம்பிலும் வைத்துப் பார்ப்பேன். மைக்செட்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மே மாதத்தில் லேப்டாப் திணறுகிறது, கேமரா அணைகிறது.

வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும், தகரப் பந்தலுக்குக் கீழே கேட்கவே வேண்டாம். கேமராவில் உள்ளே பதிவு செய்வதை நிறுத்தி எச்டிஎம்ஐ மட்டும் விடுங்கள், பேட்டரிக்குப் பதில் கரண்ட் வயரோடு வரும் டம்மி பேட்டரி போடுங்கள், திரையை உடம்பிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். சில கேமராவில் சூடேறினால் அணைக்கும் அளவை மெனுவில் உயர்த்தலாம். லேப்டாப்பை மேசைத்துணி மேல் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேன். என்கோடிங்கைப் பிராசசரிடமிருந்து எடுத்து என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்தால் பிராசசரின் சூடு குறையும்.

நெட் எவ்வளவு வேண்டும்?

1080க்கு அனுப்பும் வேகம் 6 மெகாபிட் நிலையாக வேண்டும். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு 8 ஜிபி கரையும். காலி மண்டபத்தில் சோதித்தால் 20 காட்டும், ஆயிரம் பேர் வந்ததும் 2க்கு இறங்கும். யூடியூப் சேனலில் முதல்முறை லைவைத் திறந்தால் அனுமதி வர 24 மணி நேரம் ஆகலாம், அதனால் முந்தின வாரமே திறந்து வையுங்கள். ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைச் சிக்கலில் லைவே நிற்கலாம். கம்ப்யூட்டரிலும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ராத்திரி முழுக்கக் கூத்து. மூன்று கேமராவை எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்கு என்றால் நான் எஸ்டிஐதான். மண் தரை, இருட்டு, குழந்தைகள் பாயோடு வந்து படுக்கிற இடம். வயரைப் புதைத்தோ மூங்கிலில் தூக்கியோ கட்ட வேண்டும். ஒரு கேமரா நேர் எதிரே, பாய் வரிசைக்குப் பின்னால். ஒன்று வாத்தியக்காரர் பக்கம், ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தெரிகிற மாதிரி. மூன்றாவது திரைக்குச் சாய்வாக. திரை பிடித்து வேஷம் பின்னால் நின்று பாடும்போது புஜக்கட்டையின் கண்ணாடி மட்டும் மேலே மினுங்கும், அது அந்தக் கேமராவுக்குத்தான் கிடைக்கும். ஆட்டோ எக்ஸ்போஷர் வேண்டாம். கிரீடத்துக் கண்ணாடியில் ஃபோகஸ் லைட் பட்டதும் படம் முழுக்க இருண்டுவிடும். கையால் வைத்து, முகத்து அரிதாரத்தின் சிவப்பு வெளுக்காத அளவில் நிறுத்துங்கள்.

ராத்திரி பத்திலிருந்து விடிகாலை ஆறு வரை 4 மெகாபிட்டில் விட்டால் 14 ஜிபிக்கு மேல் போகும், இரண்டு சிம் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் 12 மணி நேரத்துக்குள் முடிகிற லைவைத்தான் தானாகச் சேமிக்கும். அர்ச்சுனன் தபசையும் ராத்திரிக் கூத்தையும் ஒரே லைவாக இழுக்காமல் இடையில் நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஏறும் தபசு மரம் கூத்து மேடையிலிருந்து தள்ளித்தான் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு எஸ்டிஐ சுருளைப் பகலிலேயே இழுத்து வைத்துவிட்டால், கடைசி நாள் காலையில் அதே வயரைத் திருப்பி, படுகளத்தில் துரியோதனன் மண் உருவத்தின் தலைமாட்டில் கேமராவை வைக்கலாம். சுற்றி வந்து நிற்பவர்கள் வயரை மிதிப்பார்கள். மேலே ஒரு சாக்கைப் போட்டு மண் தள்ளிவிடுங்கள்.